நிமிடத்துக்கு ஆறு மூச்சு

கொழும்புத் துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கும் கொச்சிக்கடையில், செவ்வாய்க்கிழமை வந்தால் தெரு நிறைந்துவிடும். அந்தோனியார் திருத்தலத்துக்கு வருகிறவர்கள் கத்தோலிக்கர் மட்டும் அல்லர். எந்தச் சமயத்தவரும் அங்கே நேர்த்தி வைப்பதுண்டு. நடந்தே போய்விடும் தூரத்தில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் எழுப்பிய அந்தக் கோயிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையான ஆண்டுகளில் கருங்கல்லில் புதிதாகக் கட்டினார். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் கொட்டாஞ்சேனையின் தீபதுத்தாராமய விகாரை. இடையிடையே பள்ளிவாசல்கள். செபமாலை, திருமுறை, திக்ர், பிரித் எல்லாம் அடுத்தடுத்த தெருக்களில் ஒலிக்கும் இடம் இது.

மூச்சைப் பற்றிய ஒரு பழைய கணக்கை இங்கிருந்தே தொடங்கலாம். கருங்கல் கோயிலில் குடியிருப்பவர் தில்லைப் பொன்னம்பலத்தின் இறைவர். அந்தத் தில்லைப் பொற்கூரையில் 21,600 ஓடுகள் வேயப்பட்டிருப்பதாகவும், ஒரு மனிதர் ஒரு பகலும் ஓர் இரவும் விடும் மூச்சின் எண்ணிக்கை அதுவே என்றும் சைவ மரபு சொல்லும். 21,600ஐ 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு 900 வரும், நிமிடத்துக்கு 15. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார் என்கிறது இன்றைய வைத்தியப் பாடநூல். மரபின் கணக்கு அதற்குள் சரியாகப் பொருந்துகிறது.

நாளில் ஐந்தே நிமிடம் அந்தப் பதினைந்தை ஆறாகக் குறைத்தால் உடலில் என்ன நடக்கும்? அதனால் மனம் அமைதி பெறும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு? புதிதாகத் தொடங்குகிறவர் எப்படித் தொடங்க வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இந்த அத்தியாயத்தின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கக்காரருக்குத் துணை நிற்பவை மூச்சின் நிதானமும், நாள் தவறாத ஒழுங்கும். மூச்சை அடக்கி வைக்கும் கடினமான கும்பகங்கள் அவருக்கு வேண்டியதில்லை. அந்த நிதானமோ கொச்சிக்கடை மக்களின் வழிபாட்டுக்குள் ஏற்கனவே இருக்கிறது.

தானாகவும் நடக்கும், சொன்னாலும் கேட்கும்

இதயத்தைப் பார்த்து மெல்லத் துடி என்று கட்டளையிட முடியாது. குடலும் கண்மணியும் வியர்வைச் சுரப்பியும் நம் சொல் கேட்பதில்லை. மூச்சு மட்டும் இரு வழிக்கும் உடன்படுகிறது. தூங்கும்போது மூளைத்தண்டு அதைப் பார்த்துக்கொள்கிறது. பேசும்போதும் பாடும்போதும் நீரில் மூழ்கும்போதும் நம் விருப்பம் அதைக் கையில் எடுத்துக்கொள்கிறது.

மூச்சின் தாளம் பிறக்கும் இடத்தை 1991இல் ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் முதலான ஆய்வாளர்கள் மூளைத்தண்டில் அடையாளம் கண்டார்கள். பிரீபொட்சிங்கர் தொகுதி என்று அதற்குப் பெயர். 2017இல் கெவின் யாக்கிளும் அவருடைய குழுவினரும் சுண்டெலிகளில் இன்னொன்றைக் கண்டார்கள். அந்தத் தொகுதியிலுள்ள சுமார் 175 நரம்புக் கலங்கள், மூளையை விழிப்பிலும் பரபரப்பிலும் வைத்திருக்கும் லோகஸ் சேருலியஸ் என்ற மையத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தக் கலங்களை நீக்கிய சுண்டெலிகளுக்கு மூச்சு விடுவதில் குறை ஏதும் வரவில்லை. ஆனால், புதிய இடத்தில் விட்டாலும் அங்குமிங்கும் ஓடாமல், ஒரு மூலையில் அமர்ந்து மயிரை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. வேகமான மூச்சு மூளையைப் பரபரப்பாக்கும் ஒரு நரம்புப் பாதை உண்டு என்பதற்கு இது சான்று. மனிதரிலும் இதே பாதை இதே அளவில் வேலை செய்கிறது என்று சொல்ல இது போதாது. ஆனாலும், பதற்றத்தால் மூச்சு வேகமாவதைப் போலவே மூச்சின் வேகமும் பதற்றத்தைக் கூட்டலாம் என்ற பழைய அனுபவத்துக்கு உடலில் ஓர் அடிப்படை இருப்பது தெரிந்துவிட்டது.

இதயத்தையே நிறுத்திக் காட்டும் யோகிகள் உண்டு என்ற பேச்சையும் அறிவியல் சோதித்திருக்கிறது. 1935இல் பிரெஞ்சு இதய வைத்தியர் தெரேஸ் புரோஸ், இதய மின்பதிவுக் கருவியோடு இந்தியாவுக்கு வந்து யோகிகளைப் பரிசோதித்தார். 1961இல் வெங்கர், பாக்சி, ஆனந்த் என்ற மூவரும் 'சர்க்குலேஷன்' இதழில் தங்கள் முடிவுகளை எழுதினார்கள். கையில் நாடித் துடிப்பு மறைந்த வேளையிலும் இதயத்தின் மின்பதிவு நிற்காமல் ஓடியது. மூச்சை அடக்கி நெஞ்சை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. துடிப்பு கைக்கு எட்டாமல் போகிறது. இதயம் நிற்கவில்லை. மூச்சின் வழியாக அதன் வேலையை மாற்ற முடிந்தது என்பது மட்டும் உண்மை. அந்த உண்மையே நமக்குப் போதும்.

இதயம் கேட்கும் தாளம்

மணிக்கட்டில் விரலை வைத்து மெல்ல மூச்சை இழுத்து மெல்ல விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும். விடும்போது சற்றுத் தணியும். இளம் வயதினரில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். 1847இல் ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் இதைக் கருவியில் பதிவு செய்தார். மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு, இதயத் துடிப்பை அடக்கி வைக்கும் வேலையைச் செய்கிறது. உள்மூச்சின்போது அந்தப் பிடி தளர்கிறது; வெளிமூச்சின்போது மீண்டும் இறுகுகிறது. அந்த நரம்பு இதயத்திடம் ஒரு வேதிப்பொருள் மூலமாகப் பேசுகிறது என்பதை 1921இல் ஓட்டோ லோவி தவளை இதயங்களில் காட்டினார். அந்தப் பொருள் அசற்றைல்கோலின் என்பது பின்னர் உறுதியானது.

வெளிமூச்சை நீட்டினால் வேகஸின் பிடி நீடிக்கும் நேரமும் நீளும். திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்குத் தரும் அளவை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பூரகம் என்னும் உள்மூச்சு 16 மாத்திரை, கும்பகம் என்னும் அடக்கம் 64, ரேசகம் என்னும் வெளிமூச்சு 32. உள்ளே இழுக்கும் நேரத்தைப் போல இரு மடங்கு நேரம் வெளியே விடச் சொல்கிறது அந்தக் கணக்கு. நரம்பைப் பற்றிய அறிவு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வெளிமூச்சின் நீளத்துக்கு ஒரு தமிழ் நூல் இவ்வளவு மதிப்புக் கொடுத்திருக்கிறது. 64 மாத்திரைக் கும்பகமோ நீண்ட பயிற்சியும் ஆசிரியர் துணையும் உள்ளவர்களுக்கானது. மொத்தம் 112 மாத்திரை. ஒரு மாத்திரையை அரைச் செக்கன் என்று வைத்தாலும் ஒரே மூச்சுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிவிடும். தொடங்குகிறவர் அதிலிருந்து நீண்ட வெளிமூச்சை மட்டும் எடுத்துக்கொண்டால் நல்லது.

இனி, ஆறு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கழுத்தின் பெரிய இரத்தக் குழாய்களிலும் இதயத்திலிருந்து எழும் பெருநாடியிலும் இரத்த அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைத்தண்டுக்குச் சொல்லும்; மூளைத்தண்டு துடிப்பைத் தணித்து, குழாய்களைத் தளர்த்தும். இந்தச் செய்தி போய்த் திரும்பிப் பலன் தருவதற்குச் சில செக்கன்கள் பிடிக்கும். அந்தத் தாமதத்தால் நம் இரத்த அழுத்தத்தில் ஏறக்குறைய பத்துச் செக்கனுக்கு ஒருமுறை மெல்லிய அலை ஒன்று எழுந்து விழுந்துகொண்டே இருக்கிறது. 1876இல் அதை விவரித்த சிக்மண்ட் மேயரின் பெயரால் மேயர் அலை என்கிறார்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்றால் ஒரு மூச்சுக்குப் பத்துச் செக்கன். மூச்சின் அலையும் அழுத்தத்தின் அலையும் அப்போது ஒரே காலத்தில் விழுகின்றன. ஊஞ்சல் திரும்பும் தருணம் பார்த்துத் தள்ளினால் சிறு கையும் அதை உயரத்துக்கு அனுப்புவதுபோல, இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் அந்த வேகத்தில்தான் மிகப் பெரிதாகிறது. ஆளுக்கு ஆள் சிறு வித்தியாசம் உண்டு. பெரும்பாலோருக்கு நிமிடத்துக்கு நாலரையிலிருந்து ஆறரை மூச்சுக்குள் அந்த வேகம் அமைந்துவிடும்.

செபமாலையும் மந்திரமும் ஆய்வுகூடத்தில்

2001 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்' ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டியும் அவருடைய கூட்டாளிகளும் உடல்நலமுள்ள 23 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களின் மூச்சு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், மூளையின் இரத்த ஓட்டம் ஆகியவற்றைப் பதிவு செய்தார்கள். முதலில் இயல்பான மூச்சு. பிறகு லத்தீனில் செபமாலையின் மங்கள வார்த்தைச் செபம். பிறகு திபெத்திய பௌத்த மந்திரமான ஓம் மணி பத்மே ஹூம்.

இரண்டும் மூச்சைக் கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஆறாகக் கொண்டுவந்தன. எவரும் அவர்களிடம் இத்தனை மூச்சு விடுங்கள் என்று சொல்லவில்லை. சொற்களின் நீளமே மூச்சின் நீளத்தைத் தீர்மானித்தது. அழுத்த உணரிகளின் கூருணர்வு இயல்பு நிலையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. இரு செபங்களும் ஒரே விளைவைத் தந்தன.

இதன் காரணத்தை எந்தக் கத்தோலிக்க வீட்டிலும் மாலைச் செபத்தின்போது கவனிக்கலாம். குரல் வெளிமூச்சில் மட்டும் எழும். செபத்தின் முற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர்கள் சொல்கிறார்கள். தன் பாதியைச் சொல்கிறவர் நீண்ட வெளிமூச்சு விடுகிறார். மற்றப் பாதி ஒலிக்கும்போது பேசாமல் மூச்சை இழுத்துக்கொள்கிறார். லத்தீனில் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய பத்துச் செக்கன் ஆகிறது. தமிழில் உங்கள் வீட்டு வேகத்தில் எவ்வளவு ஆகிறது என்று கடிகாரத்தை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கோயிலில் ஓதுவார் திருமுறையின் நீண்ட அடியை ஒரே மூச்சில் இழுத்துப் பாடி முடிக்கும்போதும், பள்ளிவாசலில் திக்ர் ஒரே சீராக ஓடும்போதும் இதே இயக்கம்தான் நடக்கிறது. செபிப்பவரின் நோக்கம் இறைவன். உடலுக்குக் கிடைப்பது அதன் கூடவே வரும் ஒரு நன்மை.

கொழும்பின் வரலாற்றிலும் இதற்கு ஓர் இணைப்பு உண்டு. சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15ஆம் திகதி மேற்கு நாடுகளிலிருந்து கப்பலில் வந்து கொழும்பில் இறங்கினார். அவருடைய 'இராஜயோகம்' அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்திருந்தது. கொட்டாஞ்சேனையிலுள்ள விவேகானந்த சபை 1902இல் தொடங்கியது. 'இராஜயோகம்' நூலில் விவேகானந்தர் தொடக்கக்காரருக்குத் தரும் முதல் பாடம் எளிமையானது: மூச்சை அடக்க வேண்டாம், அளவோடு இழுத்து அளவோடு விடுங்கள், சில காலம் பழகியபின் அதோடு ஒரு புனிதச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெர்னார்டியின் ஆய்வுகூடத்தில் ஒரு நூற்றாண்டுக்குப் பின் அளக்கப்பட்டதும் இதே சேர்க்கைதான்.

மூச்சு குறைந்தால் ஒட்சிசன் போதுமா?

புதியவர்களுக்கு எழும் நியாயமான அச்சம் இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண மூச்சு ஒன்றில் ஏறக்குறைய 500 மில்லிலீற்றர் காற்று உள்ளே போகிறது. அதில் சுமார் 150 மில்லிலீற்றர் மூக்கு, தொண்டை, காற்றுக் குழாய்களில் தங்கி, இரத்தத்தைச் சந்திக்காமலே வெளியேறிவிடும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லீற்றர். அதில் வீணாவது 1.8 லீற்றர். அதே 6 லீற்றரை ஆறு ஆழமான மூச்சில் எடுத்தால் வீணாவது 0.9 லீற்றர். சுவாசப்பையின் சிற்றறைகளுக்கு முன்னைவிட அதிகக் காற்றுப் போய்ச் சேர்கிறது. ஆழம் வருவது பிரிமென்தகடு நன்றாகக் கீழிறங்குவதால். அதனால்தான் நெஞ்சைத் தூக்காமல் வயிறு மெல்ல எழும்படி மூச்சு விடச் சொல்கிறார்கள்.

எல்லை ஒன்றும் இங்கே உண்டு. மூச்சின் தேவையை உடல் முக்கியமாகக் காபனீரொட்சைட்டைக் கொண்டே அளக்கிறது என்பதை 1905இல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டினார்கள். ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறும். மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதடும் விறைக்கும். சிலர் அதை ஆன்மிக அனுபவம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது உடல் விடுக்கும் எச்சரிக்கை. மெல்லிய மூச்சில் இது நேராது. நேர்ந்தால் நீங்கள் தேவைக்கு மேல் காற்றை இழுக்கிறீர்கள் என்று பொருள்.

மூக்கால் மூச்சு விடுவதற்கும் காரணம் இருக்கிறது. மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டுகிறது. மூக்கை அடுத்த முகவெலும்பு அறைகளில் நைத்திரிக் ஒட்சைட்டு அதிக அளவில் உருவாகிறது என்று 1995இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். உதடு மூடி ரீங்கரித்தால் அந்த வாயு மூக்கு வழியே வெளிவரும் அளவு அமைதியான வெளிமூச்சைவிடப் பதினைந்து மடங்கு கூடுகிறது என்று 2002இல் அளந்து சொன்னார்கள். பிராமரி என்னும் ரீங்காரப் பிராணாயாமத்தில் இது நடக்கும். மன அமைதிக்கும் அந்த வாயுவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று இதை வைத்துச் சொல்லக்கூடாது. ரீங்காரம் வெளிமூச்சைத் தானாக நீட்டிவிடும் என்பதே அதைப் பரிந்துரைக்கப் போதுமான காரணம்.

ஆதாரத்தின் எடை

மூச்சுப் பயிற்சியைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுகிறவர்கள் நிறைய. ஆகவே எண்களை நேராகப் பார்ப்போம். 2023இல் கை ஃபிஞ்சம் முதலானோர் பன்னிரண்டு சீரற்ற ஒப்பீட்டு ஆய்வுகளை, மொத்தம் 785 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். மூச்சுப் பயிற்சி செய்தவர்களிடம் மன அழுத்தம் குறைந்திருந்தது. அந்த விளைவு சிறிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. அதே ஆண்டு ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ஒரு மாதம் தினமும் ஐந்து நிமிட மூச்சுப் பயிற்சி செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிட நன்றாக முன்னேறியது என்றது. இரட்டை உள்மூச்சும் நீண்ட பெருமூச்சும் கொண்ட முறையே அதில் முதலிடம் பெற்றது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஃபிஞ்சம் குழு 400 பேரை வைத்து நடத்திய இன்னோர் ஆய்வில், ஒரு பாதியினர் நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சு வீதம் நான்கு வாரம் தினம் பத்து நிமிடம் பயின்றார்கள். மறுபாதியினர் அதேபோல அமர்ந்து நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு விட்டார்கள். இரு பாதியும் மேம்பட்டன. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனக்கு இந்த முடிவு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது. ஆறு என்ற எண் இதயத்தின் தாளத்தை மாற்றுவது உறுதி. மனநலம் மேம்படுவதில், தினமும் ஒரு நேரம் ஒதுக்கி அமர்ந்து மூச்சைக் கவனிக்கும் செயலுக்கே பெரிய பங்கு இருக்கலாம். எண்ணைத் தொடமுடியாமல் திணறுகிறவர் மனம் தளர வேண்டியதில்லை.

அச்சம் தங்கிய உடலுக்கு

தமிழர்களிடையே இந்தப் பயிற்சி மிகக் கடுமையான சோதனையைச் சந்தித்தது போரிலும் ஆழிப்பேரலையிலும். யாழ்ப்பாணத்தில் போர்க் காலத்தில் பணியாற்றிய மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மருந்தும் ஆற்றுப்படுத்துநரும் பற்றாத நிலையில், மக்கள் ஏற்கனவே அறிந்த முறைகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். பிராணாயாமம், பௌத்தரின் ஆனாபானசதி, மந்திர செபம், திக்ர், செபமாலை, சாந்தி ஆசனம் ஆகியவற்றை நோயாளியின் சமயத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்பத் தேர்ந்து கற்பித்தார்கள். உள்ளே ஊறிய வழிபாட்டிலிருந்து வரும் முறையை மனிதர்கள் தயக்கமின்றி ஏற்று, தொடர்ந்தும் செய்வார்கள் என்பது அவருடைய அணுகுமுறையின் அடிப்படை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தியாவின் தென்கிழக்குக் கரை முகாம்களில், கடுமையான மனவடு அறிகுறிகள் கொண்ட 183 பேரிடம் யோக மூச்சுப் பயிற்சி சோதிக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களின் அறிகுறிகள் பயிற்சிக்குக் காத்திருந்த குழுவைவிட வெகுவாகத் தணிந்தன என்று 2010இல் முடிவு வந்தது. முகாம் முகாமாகப் பிரித்தார்களே தவிர ஆளுக்கு ஆள் குலுக்கிப் பிரிக்கவில்லை என்பது அதன் குறை. வடகிழக்கு இலங்கையில், போரையும் அலையையும் இரண்டையும் கண்ட 31 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. நேர்ந்ததை வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சையையும், தியானமும் தளர்வும் கலந்த பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதங்களின் பின் இரு குழுக்களிலும் பெரும்பாலான பிள்ளைகள் மீண்டிருந்தார்கள்.

கொச்சிக்கடைக்கும் அந்த அச்சம் தெரியும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, அந்தோனியார் திருத்தலத்தில் செபித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவே குண்டு வெடித்தது. அதே ஆண்டு ஜூன் 12ஆம் திகதி ஆலயம் திருத்தப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. சுவரைத் திருத்துவதைப்போல உடலைத் திருத்த முடியாது. பேரச்சத்தைக் கண்டவர் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் சிலவேளை பதற்றம் கூடும். நெஞ்சு இறுகும் உணர்வே பழைய நினைவை எழுப்பிவிடும். அப்படிப்பட்டவர்கள் கண்ணைத் திறந்தபடி, துணைக்கு ஒருவர் இருக்க, வாய்விட்டுச் சொல்லும் செபத்தோடு இரண்டு நிமிடம் தொடங்கினால் போதும். தூக்கம் கெட்டு, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால் மனநல வைத்தியரிடம் போக வேண்டும். மூச்சுப் பயிற்சி அந்தச் சிகிச்சைக்குத் துணை நிற்கும். அதன் இடத்தை எடுத்துக்கொள்ளாது.

தொடங்கும் முறை

கதிரை போதும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், பாதம் தரையில் பதியட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் வேண்டாம். துறைமுகப் பாரவண்டிகளின் புகை ஏறாத பக்கமாக, விடியற்காலையில் அமர்ந்தால் நல்லது.

முதல் வாரம் மூச்சை மாற்றாதீர்கள். ஒரு கை வயிற்றில் இருக்க, மணிக்கூட்டைப் பார்த்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். மீதி நேரம் வெறுமனே கவனியுங்கள். ஆனாபானசதி மரபு கற்பிப்பதும் இந்தக் கவனிப்பையே.

இரண்டாம் வாரம் மூக்கால் மூன்று எண்ணி இழுத்து, நான்கு எண்ணி விடுங்கள். திணறல் இல்லாவிட்டால் அடுத்தடுத்த வாரங்களில் நாலுக்கு ஐந்து, பிறகு நாலுக்கு ஆறு. எண்ணுவது செக்கன் கணக்கில் இருக்கட்டும். நாலும் ஆறும் பத்து; ஐந்து நிமிடத்தில் முப்பது மூச்சு. காற்றை நிரப்பப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் மூச்சுக் கேட்கக்கூடாது, அவ்வளவு மெல்லியதாக இருக்கட்டும்.

எண்ணுவது சலித்தால் உங்கள் சமயத்தின் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சமயம் வேண்டாதவர் வெளிமூச்சில் ரீங்கரிக்கலாம். மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூடும் நாடி சுத்தியைச் சில மாதங்களின் பின், கற்றவர் ஒருவரிடம் நேரில் பழகுங்கள்.

நாள்தோறும் செய்வதுதான் பலருக்கும் கடினம். 2010இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 96 பேரைத் தொடர்ந்து கவனித்தது. ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை போனது. இடையில் ஒரு நாள் தவறியது அந்தப் போக்கைக் கெடுக்கவில்லை. ஏற்கனவே அன்றாடம் நடக்கும் ஒன்றோடு பயிற்சியைக் கட்டிவிடுவதே நல்ல வழி: விளக்கேற்றியபின், சுபஹுத் தொழுகைக்குப் பின், மாலைச் செபத்துக்கு முன், அல்லது காலைத் தேநீர் அடுப்பில் கொதிக்கும் நேரத்தில். இரண்டு மாதம் கழித்துத்தான் பலனை எடைபோட வேண்டும். அன்றாடச் சினம், தூக்கம், நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றில் மாற்றம் இருக்கிறதா என்று வீட்டாரையும் கேளுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

பிரெஷர் உள்ளவர், இதய நோயாளர், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர் மூச்சை அடக்கும் கும்பகமோ, வேகமான கபாலபாதி, பஸ்திரிகாவோ வைத்தியரைக் கேளாமல் செய்யக்கூடாது. கபாலபாதியின் பின் சுவாசப்பையிலிருந்து காற்றுக் கசிந்து நெஞ்சறையில் தேங்கிய, 29 வயதுடைய ஆரோக்கியமான பெண் ஒருவரைப் பற்றி 2004இல் 'செஸ்ட்' இதழ் எழுதியது. அரிது என்றாலும் நடந்த ஒன்று. தொய்வு உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். கருவியின் வழிகாட்டலில் செய்யும் மெல்லிய மூச்சை உயர் இரத்த அழுத்தத்துக்குத் துணை வழியாகப் பயன்படுத்தலாம் என்று 2013இல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது. துணை வழி என்ற சொல்லைக் கவனியுங்கள். பிரெஷர் குளிசையை எவரும் தாமாக நிறுத்தக்கூடாது. தலை கிறுகிறுத்தாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள். வலி தொடர்ந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

வாடகையும் கடனும் பிரிவும் மூச்சால் தீராது. அவற்றைச் சுமக்கும் உடல் ஓயாமல் பரபரப்பிலேயே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை மட்டும் இந்தப் பயிற்சி கற்றுக்கொடுக்கும். அதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம், சமயத்தை மாற்ற வேண்டாம். தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் செய்ததைக் கொழும்பிலும் செய்யலாம். திருத்தலமும் சிவன் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும், வழக்கமான வழிபாடு முடிந்தபின் ஐந்து நிமிடம் ஒதுக்கி, தங்கள் செபத்தை இன்னும் நிதானமாகச் சொல்லப் பழக்கினால் போதும். வெளிமூச்சை நீட்டச் சொல்லிக்கொடுக்க ஓர் ஓதுவாரோ உபதேசியாரோ மௌலவியோ பாடசாலை ஆசிரியரோ பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ள முடியும். அப்படிக் கற்றவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பது, மனநல வைத்தியரைக் காணத் தயங்கும் நம் சமூகத்தில் பலருக்கு உதவி தேடும் முதல் படியாக அமையும்.